கலூகா நகரத்து ஆசிரியர்

1930களின் தொடக்கத்தில் மாஸ்கோவில் வசிலி ஜுராவ்லியோவ் என்னும் இளம் இயக்குநர் நிலவுப் பயணத்தைப் பற்றி ஒரு திரைப்படம் எடுக்க விரும்பினார். அக்காலத்தில் எந்த மனிதனும் விண்வெளிக்குச் சென்றதில்லை. அங்கிருந்து எடுக்கப்பட்ட ஒரு நிழற்படம்கூட உலகில் இல்லை. எடையை இழந்த மனிதன் எப்படி மிதப்பான்? நிலவில் நிற்பவனுக்கு வானம் எந்த நிறத்தில் தெரியும்? விண்கலத்தின் கதவைத் திறந்தால் உள்ளிருக்கும் காற்று என்னவாகும்? மனம்போன போக்கில் கற்பனை செய்து படம் எடுத்திருந்தாலும் அன்று யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், ஜுராவ்லியோவ் அப்படிச் செய்யவில்லை. மாஸ்கோவுக்குத் தென்மேற்கே ஓகா நதிக்கரையில் இருக்கும் கலூகா என்ற சிறு நகரத்தில் வாழ்ந்த முதியவர் ஒருவரின் உதவியை நாடினார்.

அந்த முதியவருக்கு எழுபது வயது கடந்துவிட்டது. காது சரியாகக் கேட்காது. தாமே செய்துகொண்ட தகரக் குழாய் ஒன்றைக் காதில் பொருத்திக்கொண்டுதான் மற்றவர் பேச்சைக் கேட்பார். வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளி ஆசிரியராகக் கழித்தவர். அவர் பெயர் கான்ஸ்டன்டின் சியோல்கோவ்ஸ்கி.

சியோல்கோவ்ஸ்கி 1857ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் ரஷ்யாவின் இஷெவ்ஸ்கோயே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வனத்துறையில் பணியாற்றியவர். பிள்ளைகள் பலர் இருந்த குடும்பம் அது, வசதி குறைவு. பத்து வயதை ஒட்டி அவருக்குச் செங்காய்ச்சல் கண்டது. உயிர் பிழைத்தார், ஆனால், செவித்திறனில் பெரும்பகுதி போய்விட்டது. வகுப்பில் ஆசிரியர் பேசுவது காதில் விழவில்லை. நண்பர்களின் கேலி மட்டும் முகத்தைப் பார்த்தாலே புரிந்தது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. பதின்மூன்று வயதில் தாயையும் இழந்தார். எழுத்துகளைக் கற்றுக் கொடுத்தவர் அந்தத் தாய்தான்.

பள்ளிக்கூடம் கைவிட்ட பையனைப் புத்தகங்கள் கைவிடவில்லை. தந்தையின் அலமாரியில் இருந்த கணித, அறிவியல் நூல்களைத் தாமே படித்தார். படித்ததை அப்படியே நம்பிவிடாமல், செய்து பார்த்துச் சோதிப்பது அவருடைய வழக்கமாயிற்று. மகனின் கூர்மையைக் கண்ட தந்தை, பதினாறு வயதில் அவரை மாஸ்கோவுக்கு அனுப்பி வைத்தார். அங்கே அவர் எந்தக் கல்லூரியிலும் சேரவில்லை. நூலகமே அவருக்குக் கல்லூரி. சேர்த்கோவ் நூலகத்தில் பணியாற்றிய நிக்கோலாய் ஃபியோதரோவ் என்னும் அறிஞர், நாள் தவறாமல் வந்து உட்காரும் அந்தச் செவிட்டு இளைஞனைக் கவனித்து, நூல்களைத் தேடித் தந்து உதவினார்.

வீட்டிலிருந்து மாதந்தோறும் பத்துப் பதினைந்து ரூபிள் வரும். அதில் பெரும்பகுதி புத்தகத்துக்கும் இரசாயனப் பொருள்களுக்கும் போயிற்று. மூன்று நாளுக்கு ஒருமுறை ஒன்பது கோப்பெக் கொடுத்துக் கறுப்பு ரொட்டி வாங்குவார். மாதம் முழுவதும் சாப்பாட்டுச் செலவு தொண்ணூறு கோப்பெக், அதாவது ஒரு ரூபிளுக்கும் குறைவு. ஆய்வு செய்யும்போது அமிலம் தெறித்துக் காற்சட்டையில் ஓட்டைகள் விழுந்தன. எலி கடித்துவிட்டதா என்று தெருப் பிள்ளைகள் கேட்டுச் சிரித்தார்கள்.

அந்த நாள்களில் ஓர் இரவு அவருக்கு ஓர் எண்ணம் பளிச்சிட்டது. சுழலும் பொருள்களின் மையவிலக்கு விசையைக் கொண்டு பூமியை விட்டு மேலே எழும்பலாம் என்று தோன்றியது. மகிழ்ச்சியில் அறையில் இருக்க முடியவில்லை. இரவு முழுவதும் மாஸ்கோத் தெருக்களில் நடந்தார். நடக்க நடக்கவே கணக்கையும் மனத்துக்குள் போட்டுப் பார்த்தார். அந்த இயந்திரம் அதிருமே தவிர, ஒரு குன்றிமணி அளவுகூட எடை குறையாது என்பது பொழுது விடிவதற்குள் விளங்கிவிட்டது. பெரும் ஏமாற்றம்தான். ஆயினும், தம் எண்ணத்தில் இருந்த தவறைத் தாமே கண்டுபிடித்தார் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். பின்னாளில் அவர் பிறருடைய கற்பனைகளைச் சோதித்ததும் இந்த முறையில்தான்.

மகன் பட்டினி கிடக்கிறான் என்று கேள்விப்பட்ட தந்தை, அவரை ஊருக்குத் திரும்ப அழைத்துக்கொண்டார். 1879ஆம் ஆண்டு சியோல்கோவ்ஸ்கி ஆசிரியர் தேர்வில் தனித்தேர்வராக வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு போரோவ்ஸ்க் என்னும் சிற்றூரில் கணித ஆசிரியராக வேலை கிடைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு கலூகாவுக்கு மாற்றலாகி வந்தார். இறுதிவரை அதுவே அவருடைய ஊராயிற்று.

போரோவ்ஸ்க் மக்களுக்கு இந்த ஆசிரியர் ஒரு புதிராக இருந்தார். குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிட்டால், குடையை விரித்துப் பாய்மரம்போல் பிடித்துக்கொண்டு பனிச்சறுக்குக் காலணிகளில் விரைவார். வண்டிக் குதிரைகள் மிரண்டு ஓடும். வெப்பக் காற்றடைத்த காகிதப் பலூன்களில் நெருப்பு வைத்து இரவில் பறக்க விடுவார். ஆனால், வகுப்பறையில் அவர் நல்ல ஆசிரியர். மாணவர் சொல்லும் விடை கேட்காது என்பதால் அவர்களைத் தம் அருகிலேயே அழைத்து நிறுத்திக்கொள்வார்.

இந்தக் காலத்தில்தான் வாயுக்களின் இயக்கத்தைப் பற்றி ஒரு கோட்பாட்டைத் தாமே உருவாக்கி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த அறிவியல் சங்கத்துக்கு அனுப்பினார். அந்தக் கோட்பாடு பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தது. பெரிய நூலகமோ அறிஞர் கூட்டமோ இல்லாத ஊரில் தனியே உழைப்பவருக்கு நேரக்கூடிய இழப்பு இது. எனினும், சங்கத்தார் அவருடைய திறமையை மதித்தனர். அவரும் எழுதுவதை நிறுத்தவில்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் எழுதிய நிலவுப் பயணக் கதை அவரைப் பெரிதும் கவர்ந்தது. 1865இல் வெளிவந்த அந்தக் கதையில், ஏறத்தாழ 270 மீட்டர் நீளமுள்ள பீரங்கிக்குள் மூவரை வைத்து நிலவை நோக்கிச் சுடுகிறார்கள். சியோல்கோவ்ஸ்கி கதையை இரசித்தார்; ஆனால், கணக்கை ஏற்கவில்லை. பூமியின் பிடியிலிருந்து விடுபட வினாடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அந்த வேகத்தை 270 மீட்டர் தூரத்துக்குள் எட்டினால், உள்ளே இருப்பவர்களின் எடை இருபதாயிரம் மடங்குக்கும் மேல் கூடிவிடும். நிலவை அடைவது இருக்கட்டும், பீரங்கியின் வாயைத் தாண்டும் முன்பே அவர்கள் நசுங்கிப் போயிருப்பார்கள். பயணத்தின்போது எடை இல்லாமல் போவதை வெர்ன் சொல்லியிருந்தார். ஆனால், அது பூமியின் ஈர்ப்பும் நிலவின் ஈர்ப்பும் சமமாகும் ஓர் இடத்தில் மட்டும் ஏற்படுவதாக எழுதிவிட்டார். உண்மையில் உந்துவிசை நின்ற கணத்திலிருந்து கலமும் அதனுள் இருப்பவர்களும் ஒன்றாகவே விழுந்துகொண்டிருப்பதால், வழி நெடுகிலும் மிதப்பார்கள். 1883ஆம் ஆண்டிலேயே எடையற்ற வெளியைப் பற்றி விரிவாக எழுதி, மிதக்கும் மனிதர்களைப் படமாகவும் வரைந்து வைத்திருந்தார் சியோல்கோவ்ஸ்கி.

அவரும் கதை எழுதினார். 1893இல் வெளியான ‘நிலவில்’ என்ற கதையில், இரு நண்பர்கள் ஒருநாள் கண்விழித்தபோது நிலவில் இருக்கிறார்கள். அங்கே பகலிலும் வானம் கறுப்பாக இருக்கிறது. ஏனெனில் சூரிய ஒளியைச் சிதறடிக்கக் காற்று இல்லை. அதே காரணத்தால் விண்மீன்கள் கண்சிமிட்டுவதில்லை. ஆணியடித்த புள்ளிகள்போல் அசையாமல் ஒளிர்கின்றன. பூமியில் அறுபது கிலோகிராம் எடையுள்ளவர் அங்கே பத்துக் கிலோகிராம் எடையைத்தான் உணர்வார். அதனால் இருவரும் துள்ளித் துள்ளிச் செல்கிறார்கள். பகல் பதினான்கு நாள்களுக்கு மேல் நீள்கிறது. கதையில் பெரிய சம்பவங்கள் எதுவும் இல்லை. நிலவு எப்படி இருக்குமோ அப்படிக் காட்டுவதே அதில் வரும் வியப்பு. தொலைநோக்கியால் மட்டுமே அறிந்த ஓர் இடத்தை நேரில் நின்று பார்த்தவர்போல் எழுதியிருந்தார்.

பீரங்கி உதவாது என்றால் வேறு எது உதவும்? ராக்கெட்தான் என்ற முடிவுக்கு அவர் வந்தார். காற்றே இல்லாத வெளியிலும் அது செல்லும். ஏனென்றால் காற்றைத் தள்ளிக்கொண்டு அது முன்னேறுவதில்லை. தன்னிடமுள்ள எரிபொருளை எரித்து, வாயுவைப் பின்னால் வீசி, அதன் எதிர்விசையால் முன்னே போகிறது. பீரங்கிக் குண்டுபோல் ஒரே அதிர்ச்சியில் இல்லாமல், சிறிது சிறிதாக வேகத்தைக் கூட்டவும் முடியும். 1897ஆம் ஆண்டு மே மாதத்தில் ராக்கெட்டின் வேகத்துக்கும் அது எரிக்கும் எரிபொருளுக்கும் உள்ள தொடர்பைச் சூத்திரமாக எழுதினார். இன்று அது அவர் பெயராலேயே வழங்குகிறது.

அந்தச் சூத்திரம் நம்பிக்கையையும் தந்தது, அச்சத்தையும் தந்தது. வாயு வெளியேறும் வேகத்துக்குச் சமமான வேகத்தை ராக்கெட் அடைய வேண்டுமானால், புறப்படும்போது அதன் எடை, எரிபொருள் தீர்ந்த பிறகு இருக்கும் எடையைப்போல் சுமார் 2.7 மடங்கு இருக்க வேண்டும். இரு மடங்கு வேகத்துக்கு 7.4 மடங்கு. மும்மடங்கு வேகத்துக்கு 20 மடங்கு! வேகம் ஒரு படி ஏற, எரிபொருள் மலைபோல் குவிகிறது. எனவே, சாதாரண வெடிமருந்து போதாது. மிக விரைந்து வெளியேறும் வாயு தேவை. திரவ ஹைட்ரஜனையும் திரவ ஆக்ஸிஜனையும் சேர்த்து எரிக்கலாம் என்று சியோல்கோவ்ஸ்கி எழுதினார். பின்னர், 1929இல், எரிபொருள் தீர்ந்த பகுதியைக் கழற்றிவிட்டு மேலே செல்லும் ராக்கெட் தொடர்களைப் பற்றியும் விளக்கினார்.

இந்த ஆய்வின் முதல் பகுதி 1903ஆம் ஆண்டு மே மாதம் ஓர் அறிவியல் இதழில் வெளியாயிற்று. ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலாகப் பன்னிரண்டு வினாடி பறந்தது அதே ஆண்டு டிசம்பரில்தான். விமானமே இல்லாத உலகில் விண்கலத்தைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்? ஏறக்குறைய யாரும் படிக்கவில்லை. போதாக்குறைக்கு, அந்த இதழும் தொடர்ந்து வெளிவராமல் முடக்கப்பட்டது.

அந்த ஆண்டுகளில் அவருடைய வீட்டிலும் துயரம் சூழ்ந்திருந்தது. முன்னர் போரோவ்ஸ்கில் நேர்ந்த தீ விபத்தில் நூல்களும் கையெழுத்துப் படிகளும் எரிந்து போயிருந்தன. மாஸ்கோவில் படித்துக்கொண்டிருந்த மகன் இக்னாத்தி 1902இல் இறந்தான். 1908இல் ஓகா நதி கரைபுரண்டு வீட்டுக்குள் புகுந்து, அவர் சேர்த்து வைத்திருந்த தாள்களையும் மாதிரிகளையும் பாழாக்கியது. மனைவி வர்வாரா அத்தனைக்கும் நடுவில் குடும்பத்தைத் தாங்கினார். ஆசிரியர் சம்பளத்தின் ஒரு பகுதி ஆய்வுக்கும் நூல் அச்சிடுவதற்கும் போய்க்கொண்டே இருந்தது. கலூகாவில் அவர் சொந்தமாக ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்து, பறக்கும் பொருள்களைக் காற்று எப்படித் தடுக்கிறது என்று ஆராய்ந்தார். அந்த ஆய்வுக்காக அறிவியல் கழகம் 470 ரூபிள் வழங்கியது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சியோல்கோவ்ஸ்கி ஒரு ராக்கெட்டைக்கூடக் கட்டியதில்லை. தம் வாழ்நாளின் மிக முக்கியமான பணி என்று அவர் நெடுங்காலம் கருதியது முழுவதும் உலோகத்தால் ஆன ஆகாயக் கப்பலை. அவர் வடிவமைத்த அந்தக் கப்பல் கடைசிவரை பறக்கவே இல்லை. மாலை நேரங்களில் எழுதிய ராக்கெட் கணக்குகளுக்காகவே உலகம் அவரை நினைவில் வைத்திருக்கிறது.

1920களில் காலம் மாறியது. 1921இல் சோவியத் அரசு அவருக்கு வாழ்நாள் ஓய்வூதியம் வழங்கியது. ஜெர்மன் மொழியில் ஹெர்மன் ஓபெர்த் 1923இல் ராக்கெட்டைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் ராபர்ட் காடர்ட் 1926ஆம் ஆண்டு திரவ எரிபொருள் ராக்கெட்டை முதன்முதலாகப் பறக்கவிட்டார். தனித்தனியே உழைத்தவர்கள் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அப்போதுதான் கலூகா ஆசிரியர் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இதையெல்லாம் எழுதிவிட்டார் என்பதைப் பலரும் உணர்ந்தனர். ஓபெர்த்தும் அவருக்குக் கடிதம் எழுதினார்.

அந்த ஓபெர்த், 1929இல் ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய ‘நிலவில் பெண்’ என்ற ஜெர்மன் திரைப்படத்துக்கு ஆலோசகராக இருந்தவர். அதில் ராக்கெட் பல அடுக்குகளாகப் பிரிகிறது. புறப்படும் முன் எண்களைப் பின்னோக்கி எண்ணுகிறார்கள். ஆனால், நிலவில் இறங்கியவர்கள் கவசம் இல்லாமல் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நடக்கிறார்கள்! கதைக்காக அறிவியலை விட்டுக்கொடுத்த இடம் அது.

சியோல்கோவ்ஸ்கி அத்தகைய இடங்களை விட்டுவைக்க விரும்பவில்லை. ஜுராவ்லியோவின் படத்துக்காக 1933இல் அவர் ஓர் ஏட்டைத் தயாரித்தார். விண்வெளிப் பயணங்களின் ஆல்பம் என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ முப்பது ஓவியங்கள். கோடுகள் கோணல்மாணலாக இருக்கும். மனிதர்கள் சிறுபிள்ளை வரைந்ததுபோல் இருப்பார்கள். அவர் ஓவியர் அல்லர். ஆனால், ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. கலத்துக்குள் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் மிதப்பவர்களை வரைந்தார். அங்கே மேல், கீழ் என்பது இல்லை. இரண்டு கதவுகள் கொண்ட சிறிய காற்றறையை வரைந்தார். உள்கதவை மூடி, அறையிலுள்ள காற்றை வெளியேற்றிய பிறகே வெளிக்கதவைத் திறக்க வேண்டும். இல்லையெனில், கலத்திலுள்ள காற்றெல்லாம் வெளியே பாய்ந்துவிடும்.

புறப்படும்போது உடலை அழுத்தும் விசையிலிருந்து பயணிகளைக் காக்க, அவர்களைத் திரவம் நிறைந்த தொட்டிகளுக்குள் வைத்தார். இது நெடுநாள் யோசனை. ஒரு கோழிமுட்டையைக் கண்ணாடிக் குவளையில் வைத்து மேசைமேல் ஓங்கித் தட்டினால் முட்டை உடைந்துவிடும். அதே முட்டையை உப்பு நீரில் மிதக்கவிட்டுத் தட்டினால் உடையாது. இதை 1891ஆம் ஆண்டிலேயே அவர் எழுதியிருந்தார். அதற்கும் முன்பு கரப்பான்பூச்சிகளையும் கோழிக்குஞ்சையும் சுழலும் கருவியில் வைத்துச் சுற்றி, உயிர்கள் எவ்வளவு எடை கூடினால் தாங்கும் என்று சோதித்தும் இருந்தார்.

படக்குழுவினர் அவர் சொன்னதை இயன்றவரை பின்பற்றினர். ‘விண்வெளிப் பயணம்’ என்ற அந்தப் படத்தில் ஒரு முதிய பேராசிரியரும் ஒரு பெண்ணும் ஒரு சிறுவனும் 1946ஆம் ஆண்டில் நிலவுக்குப் போகிறார்கள். பயணிகள் திரவத் தொட்டிக்குள் இறங்குகிறார்கள். எடையற்ற காட்சிகளில் நடிகர்களைக் கம்பிகளில் தொங்கவிட்டார்கள். நிலவில் தாவும் காட்சிதான் பெரிய சிக்கல். ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் மெதுவாக எழுந்து மெதுவாக இறங்குவதைக் கம்பியைக் கொண்டு சரியாகக் காட்ட முடியவில்லை. ஆகவே, விண்வெளி உடை அணிந்த சிறு பொம்மைகளைச் செய்து, இம்மி இம்மியாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படம் பிடித்தார்கள். சில நொடிக் காட்சிக்கு அத்தனை உழைப்பு. இன்றைய விண்வெளிப் படங்கள் பலவற்றில், ஒலி பரவக் காற்றே இல்லாத இடத்தில் வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் குழுவினரின் பொறுமை நன்கு புரியும்.

1935ஆம் ஆண்டு மே முதல் நாள், மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் கூடியிருந்த மக்களுக்குச் சியோல்கோவ்ஸ்கியின் குரல் ஒலிபெருக்கியில் ஒலித்தது. கலூகாவில் பதிவு செய்யப்பட்ட உரை அது. அப்போதே வயிற்றுப் புற்றுநோய் அவரை வாட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 19ஆம் நாள் அவர் காலமானார்.

‘விண்வெளிப் பயணம்’ 1936 ஜனவரியில் திரையரங்குகளுக்கு வந்தது. பேசும் படங்கள் பரவிவிட்ட காலத்திலும் அது பேசாப் படமாகவே எடுக்கப்பட்டிருந்தது. காது கேளாத அந்த முதியவர் இன்னும் நான்கு மாதம் வாழ்ந்திருந்தால், தகரக் குழாயின் உதவியே இல்லாமல் முழுப் படத்தையும் பார்த்திருப்பார்.

1965ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் அலெக்ஸி லியோனோவ் என்ற விண்வெளி வீரர் வோஸ்கோத் 2 விண்கலத்தின் காற்றறைக்குள் நுழைந்தார். அவருக்குப் பின்னால் உள்கதவு மூடப்பட்டது. அறையிலிருந்த காற்று வெளியேற்றப்பட்டது. பிறகு வெளிக்கதவு திறந்தது. சுமார் ஐந்து மீட்டர் நீளமுள்ள கயிற்றால் கலத்தோடு பிணைக்கப்பட்டபடி, சியோல்கோவ்ஸ்கியின் ஆல்பத்தில் உள்ள மனிதனைப் போலவே, அவர் வெளியே மிதந்து வந்தார்.